கோசோங் என்னும் சொல்

பினாங்கு ஜார்ஜ் டவுனின் பௌத்தத் தியானக் கூடத்தில், இளங்காலை வெளிச்சம் பலகணி வழியே இறங்கிப் பளிங்குத் தரையில் நீண்டு கிடக்கிறது. காமினி கண்களை மூடி அமர்ந்திருக்கிறாள். கணவர் யுகேந்திரன் மறைந்து ஓராண்டு ஆகியும், அவருடைய கைப்பேசி எண்ணை அழைக்கும் பழக்கம் அவளை விட்டபாடில்லை. நேற்று, அந்த எண்ணைப் புதிதாகப் பெற்ற ஒருவர் எடுத்து, “அக்கா, இது இப்ப என் நம்பர் லா. இனிமே கூப்பிடாதீங்க,” என்று தன்மையாகவே சொன்னார். இனி அழைப்பதில்லை என்று அவரிடம் வாக்களித்துவிட்டுத்தான் மனத்தை அடக்க இங்கு வந்திருக்கிறாள். தோன்றும் எண்ணங்கள் யாவும் கோசோங் என்று சீனப் பிக்குணி மலாய் மொழியில் மெல்லக் கூறுகிறார். வெறுமை என்ற பொருளில் அவர் சொன்ன அச்சொல், காமினியின் செவியில் அதன் மற்றொரு பொருளான பூஜ்யமாக விழுகிறது. தொலைபேசி எண்களைக் கோசோங்கில் தொடங்கியே சொல்லிப் பழகிய உதடுகள் தாமாகவே முணுமுணுக்கின்றன: “கோசோங், சத்து, தூஜோ...” பக்கத்தில் இருக்கும் நாத்தனார் துளசி முழங்கையால் இடிக்கிறாள். “அண்ணி, மூச்ச ஒழுங்கா எண்ணுங்க. ஒன்னுக்கு அப்புறம் ரெண்டு லா, ஏழு இல்ல.” “மூச்சு இல்லடி. உங்க அண்ணன் நம்பரு.” இடித்த முழங்கை விலகவில்லை, அண்ணியின் கைமீது அப்படியே சாய்ந்துகொள்கிறது. காமினி மறுபடியும் கோசோங் என்று தொடங்குகிறாள். அடுத்த எண் நாவுக்கு வருவதற்குள், மூச்சு ஒன்று முழுமையாக உள்ளே வந்து முழுமையாக வெளியேறுகிறது. அவள் அவசரப்படவில்லை.