மிளகாய்ச் செடியும் வெள்ளைக் கேனும்

மொட்டைமாடித் தொட்டி ஒன்றில் ஒரு மிளகாய்ச் செடி இருந்தது. சத்தில்லாமல் அதன் இலைகளெல்லாம் மஞ்சளாகிவிட்டன. ஆனாலும் அதற்குப் பசியைவிடப் பயம்தான் அதிகம். போன மாதம் வீட்டுக்காரி ஞானசுந்தரி உரமாகச் சிறுநீரைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றியதில், பக்கத்துத் தொட்டித் தக்காளி இரண்டே நாளில் கருகிச் செத்தது. அதை இது கண்ணால் பார்த்திருந்தது.

இன்று ஞானசுந்தரி மறுபடியும் அந்த வெள்ளைச் சிறுநீர்க் கேனோடு படியேறி வந்தாள்.

"தம்பி, வந்துட்டா! நான் செத்தேன்!" என்று செடி நடுங்கியது.

வேரடியில் குடியிருந்த மண்புழு, "பயப்படாதேக்கா. நான் முதல்ல ருசி பாக்கிறேன். எரிஞ்சா கத்துறேன், நீ வேரைச் சுருக்கிக்கோ" என்றது.

இந்த முறை ஞானசுந்தரி ஒரு குவளை சிறுநீருக்குப் பத்துக் குவளை தண்ணீர் கலந்தாள். இலையில் படாமல் மண்ணில் ஓரமாக ஊற்றிவிட்டுப் போனாள்.

ஈரம் இறங்கியது. செடி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. கீழே சத்தமே இல்லை.

"தம்பி! தம்பி!"

பதில் வரவில்லை. பாவம், கத்தக்கூட நேரமில்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று செடி அழுதது. அடுத்தது நாம்தான் என்று நாட்களை எண்ணிக்கொண்டிருந்தது.

ஒரு வாரம் கழித்து வேரில் ஏதோ உரசியது. மண்புழுதான்!

"உயிரோடவா இருக்கே? ஏன்டா கத்தலை?"

"நான் எங்கேக்கா ருசி பாத்தேன்? மூடி திறக்கிற சத்தம் கேட்டதுமே தொட்டிக்கு அடியில போய் ஒளிஞ்சுட்டேன்" என்று புழு தலைகுனிந்தது.

"அப்போ யார்தான் குடிச்சது?"

புழு மண்ணுக்கு மேலே எட்டிப் பார்த்தது. செடியின் உச்சியில் பச்சைப்பசேலென்று இரண்டு புது இலைகள் விரிந்திருந்தன.

"நீதான்க்கா."