இரைச்சல் சோதனை

நாட்டின் மெர்டேக்காவை, சுதந்திரத்தை, அறிவிக்க இன்னும் இரண்டே நாள். காஜா பெராங் வட்டாரத்தில் எந்த ரேடியோவைத் திருகினாலும் இரைச்சல்தான். ருக்மணியின் மாவு மெசின்தான் காரணம் என்று பக்கத்து வீட்டு ஜெயபாலன் மனுப் போட்டிருந்தான். பேட்டரி ரேடியோவோடு சோதிக்க வந்த இன்ஸ்பெக்டர் தம்பிராஜா முதலில் மெசினை நிறுத்தச் சொன்னார். பிறகு தெருவுக்கே கரண்டை நிறுத்தினார். இரைச்சல் நிற்கவில்லை. ஜெயபாலன் கிட்டே வந்தால் கூடியது, விலகினால் குறைந்தது.

“என் மெசின நிறுத்தச் சொன்னீங்கல்ல, ஐயா? இவனையும் கொஞ்சம் நிறுத்திப் பாருங்க,” என்றாள் ருக்மணி.

தெருவே ஜெயபாலனைச் சுற்றி நெருங்கியது. அவன் பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

இரைச்சல் நின்றது.

தம்பிராஜா கைக்கடிகாரத்தைப் பார்த்து நொடிகளை எண்ணத் தொடங்கினார்.