அம்மா சிரிக்கவில்லை

சாயங்கால வெயில் சாய்ந்த முற்றத்தில் காப்பிக் கோப்பையோடு ஊரே உட்கார்ந்திருக்கிறது. வில்ஃப்ரிடோவை ஆறு கொண்டுபோய் இன்று ஒன்பதாம் நாள். ஜெபம் முடிந்ததும் செத்தவரைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கக் கதை சொல்வது கொலம்பியாவின் இந்தக் கடலோரத்து வழக்கம். இம்முறை அது தங்கை எதில்மாவின் தலையில் விழுந்திருக்கிறது. எழுந்து நிற்கிறாள். முன்வரிசையில் அம்மா. அன்றிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள், இப்போதும் விசிறியை ஆட்டிக்கொண்டு தரையைத்தான் பார்க்கிறாள். "ஒரு நாள் எங்கண்ணன் தப்பான சாவு வீட்டுக்குள்ள நுழைஞ்சிட்டான்," என்று ஆரம்பிக்கிறாள் எதில்மா. "தேம்பித் தேம்பி அழுதான். ரெண்டு தட்டு சோறு தின்னான். பெட்டிக்குத் தோள் குடுத்துப் பாதி வழி போனப்புறம் பக்கத்து ஆளக் கேக்குறான், 'ஆமா, செத்தது யாருங்க?'" முற்றம் வெடித்துச் சிரிக்கிறது. யாருக்கோ புரையேறுகிறது. அம்மாவின் விசிறி மட்டும் நின்றுபோகிறது. அதைக் கண்டு ஒவ்வொருவராக அடங்குகிறார்கள். ஐயோ, செத்த பிள்ளையைக் கேலி செய்துவிட்டேனோ என்று எதில்மா ஓரடி பின்வாங்குகிறாள். அம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, நேராக அவளை நோக்கி வருகிறாள். அறை விழப்போகிறது என்று எதில்மா கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள். "நகருடி," என்கிறது கரகரத்த குரல். "அதுக்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. என்கிட்ட மட்டுந்தான் சொன்னான்."