அறுபத்தைந்தா, எழுபத்திரண்டா?

குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் ஹீட்டரை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பொதுமக்களிடமே இணையத்தில் கேட்டுத் தகவல் திரட்டும் ஆய்வு அது. டோரீன் மடிக்கணினியில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஹீட்டர் திருகை ஓயாம தொடுறது யாருன்னு கேக்குறாங்க, வெர்னன். உன் பேரைப் போடட்டுமா?"

"உன் பேரைப் போடு! நான் அறுபத்தஞ்சு டிகிரி ஃபாரன்ஹீட்ல வெச்சா, நீ எழுபத்திரண்டுக்கு ஏத்துவ. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலேர்ந்து வேர்த்து வழியுறேன்."

"நான் விறைச்சுச் சாகணுமாக்கும்? ஃப்ரிட்ஜுக்குள்ள போய்க் குடித்தனம் பண்ணு, போ!"

"போறேன். இனிமே வக்கீல் பேசுவார்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கதவைப் படாரென்று சாத்திவிட்டுப் போனான். அமெரிக்காவின் பஃபலோ நகரத்துப் பனியில் கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கேள்வியைப் படித்தாள். 'சுவரில் உள்ள ஹீட்டர் திருகின் மூடியைக் கழற்றி, உள்ளே உள்ள ஒயர்களைப் படமெடுத்து அனுப்பவும்.'

கழற்றினாள். ஒரு ஒயர்கூட இல்லை. வாடகைக்காரர்களின் வாயை அடைக்க, வீட்டுக்காரர் சுவரில் மாட்டிவைத்த வெறும் டப்பா.

உடனே போனில் கூப்பிட்டாள். "வெர்னன், திரும்பி வா! அந்தத் திருகு எதோடயும் சேரலை. யார் எப்படித் திருகினாலும் வீட்ல ஒரே சூடுதான் இருந்திருக்கு!"

போனில் கார் ஓடும் சத்தம் கேட்டது.

"அப்போ இத்தனை வருஷமா எனக்கு வேர்த்தது எதனால, டோரீன்?"

கார் திரும்பி வரவில்லை.