கரிசலில் ஒரு நீச்சல்குளம்

ஐப்பசி மழை விடியற்காலையில்தான் விட்டிருக்கிறது. விடுதியாக மாறிக்கொண்டிருக்கும் பழைய வீட்டில், சுவரின் வெடிப்புக்குள் கட்டட வடிவமைப்பாளர் சுதாராணி விரலை விட்டுப் பார்க்கிறாள். முற்றத்தில் அவள் வடிவமைத்த நீச்சல்குளம் நீலமாக மினுங்குகிறது. அதிலிருந்து கசிந்த தண்ணீரைக் குடித்து அடியிலிருக்கும் கரிசல் மண் உப்பி, சுவரைப் பிளந்துவிட்டது. குளம் இருந்தால் படத்தில் அழகாக இருக்கும் என்றுதான் வரைந்தாள். வீட்டுக்காரர் ஜாபர் அலி டீயை நீட்டுகிறார்.

“நேத்து வெடிப்புக்குள்ள காகிதத் தாளுதான் போச்சு, இன்னைக்கு விரலு போவுது. நாளைக்கு நானே உள்ள போயிட்டு வந்திருவேன்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரை இடித்தே ஆக வேண்டும். இடித்தால் அவர் பிறந்த மாடி அறையும் போய்விடும். அவர் சுவரில் உதிரும் சுண்ணாம்பைத் துண்டால் மெல்ல ஒற்றுகிறார்.

“மெட்ராஸ் ஆளு வேண்டாம், பக்கத்துல பசுவந்தனையில பொறந்த பிள்ளைக்குக் கரிசல் மண்ணு தெரியும்னுதான் ஒன்கிட்ட விட்டேன். ஒனக்குத் தெரியாமலாம்மா இருந்திச்சு?”