மாறிப்போன மஞ்சள்

“அம்மா, இது போகவே மாட்டேங்குது.”

குளியலறையிலிருந்து வந்த குரலில் அழுகை பாதி, சோப்பு நுரை பாதி. அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். மூத்தவள் கண்ணாடி முன்னால் நின்றாள். நெற்றியிலிருந்து கழுத்து வரை பளீரென்று மஞ்சள்.

“கொஞ்ச நேரம் வெச்சுட்டுக் கழுவுடின்னா, மாஸ்க்கோட தூங்கிட்டியா?”

“நைட் டூட்டிம்மா. கண்ணு சொருகிடுச்சு.”

“தூங்கினாலும் கஸ்தூரி மஞ்சள் இப்படி ஒட்டாதே.”

அம்மா சமையலறைக்கு ஓடினாள். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள். சமையல் மஞ்சள் தூள்.

“ஏங்க, இத்தனை வருஷம் பேங்க்ல உக்காந்து கள்ள நோட்டு கண்டுபிடிச்சீங்களே, கஸ்தூரி மஞ்சளுக்கும் சமையல் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியலையா?”

ஹாலில் நாற்காலிகளை நகர்த்திக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். “மஞ்சள்னு போட்டிருந்தது. வாங்கினேன்.”

“உங்க பொண்ணு மூஞ்சிய வந்து பாருங்க.”

வந்து பார்த்தவர், நாற்காலிகளிடமே திரும்பிப் போய்விட்டார்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிடுவார்கள். கல்யாணத்துக்கு முன் இரண்டு குடும்பமும் சேர்ந்து எடுத்துக்கொள்ளும் முதல் படம். பெரிதாக ஃப்ரேம் போட்டு அவர்கள் வீட்டு ஹாலில் மாட்டப் போகிறார்களாம். போட்டோகிராபர் ஏற்கெனவே வந்து விளக்குகளை நிறுத்திக்கொண்டிருக்கிறார்.

மாப்பிள்ளையைப் பற்றிக் கவலையில்லை. மூத்தவள் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியிலேயே லேபில் இருக்கிறவன். இவளைத் தூக்கம் கெட்ட முகத்தோடு பார்த்துத்தான் பிடித்துப்போனது. கவலையெல்லாம் அவனுடைய அம்மா. ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ். முதல் தடவை வந்தபோதே பெண்ணை ஏற இறங்கப் பார்த்து, “கன்னத்துல என்னம்மா, புள்ளி புள்ளியா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டவர். அன்று ஆரம்பித்ததுதான் இந்த மஞ்சள் மாஸ்க்.

அம்மா எண்ணெய் விட்டுத் தேய்த்தாள். பால் விட்டுத் தேய்த்தாள். எலுமிச்சம்பழம் வந்தது.

“மெதுவாம்மா, தோலே கையோட வந்துடும்.”

கதவோரம் நின்று வேடிக்கை பார்த்த சின்னவள், “மஞ்சள் அப்படியே இருக்கு, இப்ப சிவப்பும் வந்துடுச்சு. பச்சையும் வந்துட்டா அக்காவை சிக்னல்ல நிறுத்திடலாம்” என்றாள்.

“உன் வாய்க்கு முதல்ல ஒரு மாஸ்க் போடணும்டி.”

அதற்குள் சின்னவள் கையிலிருந்த ஃபோன் அடித்தது. வீடியோ கால். பழக்கதோஷத்தில் எடுத்துவிட்டாள்.

திரையில் ஹெட்மிஸ்ட்ரஸ். அளவாகப் பவுடர், இறுக்கக் கொண்டை, ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கக் கிளம்பியவர் மாதிரி இருந்தார்.

“கிளம்பப் போறோம்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். பின்னால யாரது?”

சின்னவள் ஃபோனைத் திருப்புவதற்குள் பார்த்தாயிற்று.

“அது வந்து சம்பந்தி... முகத்துக்கு மாஸ்க் போட்டா... இவர் மஞ்சளை மாத்தி வாங்கிட்டு வந்துட்டார்...” என்று இழுத்தாள் அம்மா.

“கழுவினா போகலையா?”

“ரெண்டு நாளாவது ஆகும் போலிருக்கு.”

“சரி.”

ஃபோன் கட்டாகிவிட்டது.

“‘சரி’ன்னா என்னங்க அர்த்தம்?” என்றாள் அம்மா.

“சரின்னா சரிதான்” என்றார் ஹாலிலிருந்து அப்பா.

“அந்தம்மா ‘சரி’ன்னா ஃபெயில்னு அர்த்தம்ப்பா” என்றாள் சின்னவள்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் உடை மாற்றிக்கொண்டு ஹாலுக்கு வந்து உட்கார்ந்தார்கள். போட்டோகிராபர் மூத்தவளைப் பார்த்துவிட்டு, ரொம்ப நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சொன்ன நேரம் தாண்டியது. ஸ்கூல் மணியே தன் வாட்சைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும் என்று நினைக்கிற அம்மாள் அவர். அவரைக் காணோம். மாப்பிள்ளையும் ஃபோனை எடுக்கவில்லை.

“வரமாட்டாங்க போல” என்று முனகினாள் அம்மா. “பையன் வீடு, நாலு பேருக்கு நடுவுல மாட்டுற படம். அந்தம்மாவுக்கு கௌரவம்தானே பெருசு.”

மூத்தவள் காதுத் தோட்டைக் கழற்ற ஆரம்பித்தாள்.

“நீங்களே ஃபோன் பண்ணிப் படம் வேண்டாம்னு சொல்லிடுங்கப்பா. அவங்க வீட்டுச் சுவர்ல காலம் பூரா இந்த மூஞ்சியோட என்னால தொங்க முடியாது.”

அப்பா ஃபோனை எடுத்தார். அப்போது காலிங் பெல் அடித்தது.

அம்மா அப்பாவைப் பார்த்தாள், அப்பா அம்மாவைப் பார்த்தார். கடைசியில் போட்டோகிராபர்தான் போய்க் கதவைத் திறந்தார்.

முதலில் மாப்பிள்ளை வந்தான். பின்னால் அவன் அப்பா. அவருக்கும் பின்னால் ஹெட்மிஸ்ட்ரஸ்.

மூன்று பேர் முகமும் பளீரென்று மஞ்சள்.

சின்னவள்தான் முதலில் களுக்கென்று சிரித்தாள். மாப்பிள்ளைக்கும் அடக்க முடியவில்லை. மூத்தவள் கையில் தோட்டோடு எழுந்து நின்றுவிட்டாள்.

“என்ன சம்பந்தி இது?” என்றாள் அம்மா, வாயைப் பொத்திக்கொண்டு.

“எங்க வீட்டுலயும் இதே கூத்துதான். படத்துக்கு நிக்கணுமேன்னு எல்லாரும் மாஸ்க் போட்டோம். மஞ்சள் வாங்க இவரை அனுப்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.”

“ஆமா ஆமா, நான்தான் மாத்தி வாங்கிட்டேன்” என்று அவர் கணவர் அவசரமாகத் தலையாட்டினார்.

துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அப்பா ஓடிப் போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “கடையில எல்லாம் ஒரே மாதிரி பாக்கெட் சார். நாம என்ன பண்றது?”

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாற்காலிகள் மளமளவென்று நகர்ந்தன. மூத்தவள் தோட்டை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

“நீ எங்கம்மா ஓரத்துல ஒதுங்குற? நடுவுல வா, என் பக்கத்துல” என்று ஹெட்மிஸ்ட்ரஸ் அவள் கையைப் பிடித்து இழுத்து நிறுத்திக்கொண்டார்.

“ரெடி, எல்லாரும் இங்க பாருங்க” என்றார் போட்டோகிராபர்.

“ஒரு நிமிஷம்” என்ற மூத்தவள், மாமியார் பக்கம் திரும்பினாள். கைக்குட்டையை எடுத்து, மற்றவர்கள் கவனிப்பதற்குள் அவர் காதோரத்தில் மெல்ல ஒற்றினாள்.

அங்கே மஞ்சள் இன்னும் காயவே இல்லை.