வெதுவெதுப்பான கை

அரையாண்டு விடுமுறைக்கு, மறைந்த ஜனாதிபதியின் நினைவு நூலகத்தில் மாறுவேடப் போட்டி, வினாடி வினா, பொம்மலாட்டம் என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். கூட்டம் என்னவோ கைக்குத்தான். அவருடைய வலது கையை அச்செடுத்து ரப்பரில் வார்த்து, உள்ளே கம்பி ஓட்டிச் சூடேற்றி, மேசைமேல் நீட்டி வைத்திருந்தார்கள். "சூடு குறையக் கூடாது. உசிரோட இருக்கிற மாதிரியே இருக்கணும்" என்று நூலகர் சொல்லியிருந்தார். குழந்தைகள் வரிசையாக வந்து குலுக்கினார்கள். ஐஸ்கிரீமும் சளியும் வியர்வையும் அந்தச் சூட்டில் பிசுபிசுத்து நாறின. பத்துப் பேருக்கு ஒருமுறை துடைப்பது மங்களேஸ்வரியின் வேலை. மூன்று நாளாக அவள் ஸ்பூனில்தான் சாப்பிடுகிறாள்.

நான்காம் நாள், கூடக் குழந்தை யாரும் இல்லாமல் ஒரு பெண் வந்தாள். கையைப் பிடித்தவள் விடவில்லை.

"என் மகனோட கருணை மனுவத் தள்ளுபடி பண்ணிக் கையெழுத்துப் போட்டது இந்தக் கைதானே?"

மங்களேஸ்வரி வரிசையைக் காட்டினாள். "பின்னாடி பிள்ளைங்க நிக்குதுங்கம்மா" என்றாள்.

"எவ்ளோ சூடா இருக்கு. ஜெயில்ல உடம்பக் குடுத்தப்போ அவன் கை சில்லுன்னு இருந்துச்சு."

அந்தப் பெண் போன பிறகு மங்களேஸ்வரி துணியை எடுக்கவில்லை. குனிந்து, மேசைக்கடியில் இருந்த பிளக்கைப் பிடுங்கினாள். வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. அரைமணி நேரம் கழித்து ஒரு சிறுமி, கொடுத்த கையை வெடுக்கென்று இழுத்துப் பாவாடையில் தேய்த்துக்கொண்டாள்.

"அம்மா, இது செத்தவங்க கை."